சணலும் கண்ணாடி இழையும் சேர்ந்தால் எத்தனை காலம் தாங்கும்? ‘ஃபட்டீக்’ சோதனை சொல்வது என்ன?

வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக்கம்பியை நறுக்கக் கையில் கொறடு இல்லையென்றால் என்ன செய்வார்கள்? ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாகச் சில தடவை மடக்குவார்கள். ‘டக்’கென்று இரண்டாகிவிடும். அதே கம்பியை வெறும் கையால் நேராக இழுத்து அறுக்க முடியுமா? முடியாது.

ஒரே தடவை கொடுக்கும் பெரிய பாரத்தைத் தாங்குகிற பொருள், சின்னச் சின்ன பாரம் திரும்பத் திரும்ப வரும்போது உடைந்துபோகிறது. பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஃபட்டீக். தமிழில் ‘பொருள் சோர்வு’ என்று சொல்லலாம்.

இப்போது எதற்கு இந்தக் கதை? கார் கதவுப் பலகை முதல் சைக்கிள் ஃபிரேம் வரை சணல், ஆளி, ஹெம்ப் போன்ற செடி நார்கள் புகுந்துகொண்டிருக்கின்றன. பல இடங்களில் அவை தனியாக வருவதில்லை. கண்ணாடி இழையுடனோ கார்பன் இழையுடனோ கூட்டணி போட்டுத்தான் வருகின்றன. ‘பசுமைப் பொருள்’ என்று விளம்பரமும் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பத்து வருடம் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடினால் அது என்ன ஆகும்? அங்கேதான் ஃபட்டீக் வருகிறது.

முதல்ல, காம்போசிட்னா என்ன?

மண் சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள். மண் மட்டும் என்றால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோல் மட்டும் என்றால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர். காம்போசிட்டும் அதே யோசனைதான். மண்ணுக்குப் பதில் ரெசின் என்ற பிசின், வைக்கோலுக்குப் பதில் மெல்லிய இழை.

நம் கடற்கரையில் நிற்கும் ‘ஃபைபர் போட்’ எல்லாம் இந்த வகைதான். கண்ணாடியை உருக்கி முடியைவிட மெல்லியதாக இழுத்த இழை, அதன் மேல் ரெசின். காற்றாலை இறக்கையும் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு வகை இழைகளை ஒரே பொருளில் சேர்த்தால் அது ஹைபிரிட் காம்போசிட். ஓர் அடுக்கு சணல், அடுத்த அடுக்கு கண்ணாடி என்று மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரே துணியில் பாவு ஒன்று, ஊடு ஒன்று என்று நெய்தும் எடுக்கலாம்.

சணலை ஏன் சேர்க்கணும்?

முதல் காரணம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை சுமார் 2.5 கிராம். அதே அளவு சணலோ ஆளி நாரோ 1.4, 1.5 கிராம்தான்.

இரண்டாவது காரணம், தயாரிக்கச் செலவாகும் ஆற்றல். ஒரு கிலோ கண்ணாடி இழை விரிப்பு தயாரிக்க சுமார் 55 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோ ஆளி நார் விரிப்புக்கு ஏறக்குறைய 10 மெகாஜூல் போதும். கண்ணாடியை உருக்க உலை வேண்டும், செடிக்கு வெயில் போதும் என்பதால் இந்த வித்தியாசம்.

மூன்றாவதாக, அதிர்வு. செடி நார் கலந்த பொருள் அதிர்வைத் தனக்குள் வாங்கி அடக்கிவிடும். பெல்ஜியத்தின் பிரபல சைக்கிள் வீரர் ஜோஹான் மியூசியூ பெயரில் இயங்கிய நிறுவனம் கார்பனோடு ஆளி நாரைச் சேர்த்து ஃபிரேம் செய்தது இதற்காகத்தான். கல் பாவிய சாலையில் ஓட்டும்போது கைக்கு வரும் அதிர்வு குறையும்.

இது ரொம்பப் புதுசும் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் நினைவிருக்கிறதா? அதன் வெளிப்பலகைகள் பருத்திக் கழிவையும் ஃபீனால் ரெசினையும் அழுத்திச் செய்யப்பட்டவை. 2019-ல் போர்ஷே நிறுவனம் தன் 718 கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் பந்தயக் காரின் கதவையும் பின் இறக்கையையும் ஆளி, ஹெம்ப் நார் கலந்த பொருளில் கொண்டுவந்தது.

அப்போ கண்ணாடி இழை எதுக்கு?

விறைப்புக்காக. ஒரு பொருள் எவ்வளவு நீளாமல் நிற்கிறது என்பதை கிகாபாஸ்கல் என்ற அளவில் சொல்வார்கள். கண்ணாடி இழைக்கு அது சுமார் 70. சணலுக்குச் செடியைப் பொறுத்து 10 முதல் 30 வரை. தேங்காய் நாருக்கு வெறும் 4 முதல் 6.

சணலும் கண்ணாடியும் ஒரே பலகைக்குள் ஒட்டியிருக்கின்றன. பலகையை இழுத்தால் இரண்டும் ஒரே அளவுதான் நீள முடியும். ஆனால் சுமக்கும் பாரம் ஒன்றல்ல. சணலின் விறைப்பை 20 என்று வைத்துக்கொண்டால், ஒரே பருமனுள்ள சணல் இழை 10 கிலோ சுமக்கும்போது கண்ணாடி இழை 35 கிலோ சுமந்துகொண்டிருக்கும். மாட்டு வண்டியில் ஒரு பக்கம் காங்கேயம் காளை, மறுபக்கம் கன்றுக்குட்டி பூட்டியது போல.

அதனால் ஹைபிரிட் என்பது இரண்டின் சராசரி இல்லை. யார் எவ்வளவு சுமக்கிறார், யார் முதலில் கைவிடுகிறார் என்பதைப் பொறுத்தே ஆயுள் அமையும். சணல் சுமார் ஒன்றரை சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். கண்ணாடி இழை இரண்டரை சதவீதத்துக்கு மேலும் தாங்கும். சணல் அறுந்த அந்த நொடியில் அது சுமந்த பாரம் முழுவதும் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி இழைமேல் விழும்.

சோதனை எப்படி நடக்குது?

இழுத்துப் பார்க்கும் சோதனை சுலபம். ஒரு பட்டையை மிஷினில் மாட்டி, அறும் வரை இழுத்தால் முடிந்தது. சில நிமிட வேலை.

ஃபட்டீக் சோதனை அப்படியில்லை. அறும் பாரத்தில் ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக 60 சதவீதத்தை, கொடுப்பார்கள். பிறகு தளர்த்துவார்கள். மறுபடி கொடுப்பார்கள். உடையும் வரை எண்ணுவார்கள். அடுத்த பட்டைக்கு 50 சதவீதம், அதற்கடுத்ததுக்கு 40. எந்த பாரத்துக்கு எத்தனை சுற்று என்று கோடு போட்டால் கிடைப்பதுதான் எஸ்-என் வரைபடம். 19-ம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்த ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் போட்ட பாதை இது. காம்போசிட் பட்டைகளுக்கு ஏஎஸ்டிஎம் டி3479 என்ற தரமுறை இருக்கிறது.

எத்தனை சுற்று தாங்க வேண்டும்? ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலையை ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 சுற்று. நாள் முழுக்கச் சுழன்றால் 21,600. வருடத்தில் பாதி நேரம்தான் காற்று என்று வைத்தாலும் 39 லட்சம் தாண்டும். 20 வருடத்தில் கிட்டத்தட்ட 8 கோடி. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை மேலே போகும்போது ஒரு மாதிரியும், கீழே வரும்போது வேறு மாதிரியும் தன் எடையாலேயே வளைகிறது.

ஆய்வகத்தில் நொடிக்கு 5 தடவை இழுத்தால் 10 லட்சம் சுற்றுக்கு 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 8 கோடிக்கு? ஆறு மாதம். ஒரே ஒரு பட்டைக்கு!

வேகமாக இழுத்து சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் செடி நார் மாட்டிக்கொள்கிறது. அதிர்வை அடக்குகிறது என்று பாராட்டினோமே, அந்த அதிர்வின் ஆற்றல் எங்கே போகும்? சூடாகத்தான் மாறும். வேகத்தைக் கூட்டினால் பட்டை சூடேறி, ரெசின் இளகி, சோர்வால் உடைந்ததா சூட்டால் உடைந்ததா என்றே தெரியாமல் போகும். அதனால் மெதுவாகத்தான் போக வேண்டும்.

சணல் சீக்கிரம் சோர்ந்துடுமா?

எல்லாரும் ‘ஆமாம்’ என்றுதான் நினைப்பார்கள். ஆய்வு முடிவு கொஞ்சம் ஆச்சரியமானது.

ஒரே திசையில் இழை வைத்த கண்ணாடி காம்போசிட், சுற்று எண்ணிக்கை பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு முறையும், தன் ஆரம்ப வலிமையில் சுமார் 10 சதவீதத்தை இழக்கிறது என்பது துறையில் பலகாலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி 10 லட்சம் சுற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் முதல் நாள் வலிமையில் 40 சதவீதத்தைத்தான் நம்பலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆளி, ஹெம்ப், சணல் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளில், செடி நார் காம்போசிட் வலிமையை இழக்கும் வேகம் கண்ணாடியைவிட அதிகம் இல்லை, இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது என்று தெரியவந்தது.

அப்போ சணல் ஜெயிச்சிடுச்சா? அவசரப்படாதீர்கள்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் ஒரு லட்சம். 60 சதவீதம் செலவாகி 40 ஆயிரம் மிஞ்சுகிறது. இன்னொருவருக்கு 30 ஆயிரம். பாதிதான் செலவு, 15 ஆயிரம் மிச்சம். சதவீதத்தில் பார்த்தால் இரண்டாமவர் சிக்கனக்காரர். ஆனால் 20 ஆயிரம் ரூபாய் வாடகை கட்ட வேண்டும் என்றால் யாரால் முடியும்? செடி நாரின் நிலை அதுதான். இழக்கும் விகிதம் குறைவு. ஆரம்பத்தில் இருந்த வலிமையும் குறைவு. 10 லட்சம் சுற்றுக்குப் பிறகும் கையில் மிஞ்சும் பலம் கண்ணாடிக்கே அதிகம்.

‘ஃபட்டீக்கில் சணல் கண்ணாடிக்கு நிகர்’ என்ற வரியை எங்காவது பார்த்தால், அது சதவீதக் கணக்கா, நிஜ பாரக் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தின் செங்குத்துக் கோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இன்னொரு விநோதமும் உண்டு. கண்ணாடி காம்போசிட்டைத் திரும்பத் திரும்ப இழுத்தால் அதன் விறைப்பு குறையும். ஒரே திசையில் வைத்த ஆளி நார் பட்டையை இழுத்தபோது சில சோதனைகளில் விறைப்பு லேசாகக் கூடியிருக்கிறது! காரணம், செடி நாருக்குள்ளேயே அதைவிட நுண்ணிய இழைகள் திரித்த கயிறு போலச் சுற்றியிருக்கின்றன. இழுக்க இழுக்க அவை நேராகின்றன. ஆளியில் அந்தச் சாய்வு சுமார் 10 டிகிரி. தேங்காய் நாரில் அது 30 டிகிரிக்கும் மேல். தேங்காய் நார் அறுவதற்கு முன் அவ்வளவு நீள்வதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

உடையும் முன் உள்ளே நடப்பது

1954-ல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, அடுத்தடுத்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. ஃபார்ன்பரோவில் ஒரு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, காற்றழுத்தம் ஏறி இறங்குவது போலத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் மூலை அருகே தொடங்கிய விரிசல் உடலையே கிழித்தது. உலோகத்தின் குணம் அது. ஒரு விரிசல் யாருக்கும் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று முடித்துவிடும்.

காம்போசிட் அப்படி ஒரே விரிசலில் போவதில்லை. முதலில் ரெசினில் நூற்றுக்கணக்கான மயிரிழை வெடிப்புகள். அப்போது விறைப்பு சட்டென்று கொஞ்சம் இறங்கும். அடுத்து நீண்ட அமைதிக்காலம். இந்த நேரத்தில் இழையும் ரெசினும் ஒட்டிய இடம் மெல்ல விடும், அடுக்குகள் பிரியும். கடைசியில் இழைகள் கொத்துக் கொத்தாக அறும். சரசரவென்று எல்லாம் முடியும். அந்த நடுக்காலத்தில்தான் பொருள் நமக்கு அறிகுறி காட்டும். ஃபைபர் பலகை வளைந்த இடம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் அப்படி ஒரு அறிகுறிதான்.

ஹைபிரிட்டில் கூடுதலாக ஒரு பலவீனமான இடம் உண்டு. சணல் அடுக்கும் கண்ணாடி அடுக்கும் சந்திக்கும் எல்லை. செடி நார் தண்ணீரை விரும்பும், ரெசின் தண்ணீரை விரும்பாது. இரண்டும் இயல்பாக ஒட்டாது. அதனால்தான் நாரை முதலில் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கிறார்கள். மேலே படிந்த மெழுகும் பசையும் போய், மேற்பரப்பு சொரசொரப்பாகும். ரெசின் கெட்டியாகப் பிடிக்கும். கரைசல் காட்டமாகவோ நேரம் கூடியோ போனால் நாரே நைந்துவிடும்.

எது வெளியே, எது உள்ளே?

ஸ்கேல் ஒன்றை வளைத்துப் பாருங்கள். மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெருக்கப்படும். நடுவில் பாரம் மிகக் குறைவு. அதனால் வளையும் வேலைக்குப் போகும் பலகையில் கண்ணாடி அடுக்குகளை வெளியிலும் சணலை நடுவிலும் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதே அளவு சணல், அதே அளவு கண்ணாடி, வரிசையை மட்டும் மாற்றினால் வளைவில் தாங்கும் திறன் மாறிவிடும். நேராக இழுபடும் வேலை என்றால் வரிசைக்கு அவ்வளவு மவுசு இல்லை.

வெளியே கண்ணாடி இருப்பதில் இன்னொரு லாபம், தண்ணீர் உள்ளே போவது குறையும். மழைக்காலத்தில் சணல் சாக்கு எப்படிக் கனக்கும் என்று மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். காற்றில் உள்ள ஈரத்தையே சணல் தன் எடையில் 12 சதவீதம் வரை உறிஞ்சும். ஊறினால் நார் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது ரெசினுக்கும் நாருக்கும் இடையே இடைவெளி விழும். அடுத்த மழையில் அந்த இடைவெளி வழியே இன்னும் தண்ணீர். இதோடு அதிர்வும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் கரையும்.

இங்கே ஃபைபர் போட்டை யோசித்துப் பாருங்கள். அலையில் அடி, உப்புத் தண்ணீர், கரைக்கு வந்தால் மணலில் இழுவை. அடிப்பாகம் தேய்வதும், மேட் துணியும் ரெசினும் வைத்து ஒட்டுப்போடுவதும் மீனவர்களுக்குப் பழகிய வேலை. சணலைக் காக்கும் வெளி அடுக்குதான் மணலில் முதலில் தேயும் அடுக்கு. படகின் மேல்தளம், உள் அறைக்கு ஹைபிரிட் பரவாயில்லை. அடிப்பாகத்துக்குச் சணல் கலந்தது என்று யாராவது விற்க வந்தால், கடல்தண்ணீரில் ஊறவைத்த பிறகு ஃபட்டீக் சோதனை செய்தீர்களா என்று கேட்காமல் வாங்குவது ஆபத்து. தண்ணீர் கண்ணாடி இழையையும் மெல்ல அரிக்கும்தான். ஆனால் கண்ணாடி இழை ஊறி உப்புவதில்லை.

காலேஜ் புராஜெக்ட்ல காணாமப் போற பக்கம்

வாழை நார், கற்றாழை நார், பனை நார், தேங்காய் நார் என்று தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கல்லூரிகளில் மெக்கானிக்கல் மாணவர்கள் தொடாத நார் இல்லை. கண்ணாடி இழையோடு சேர்த்துப் பலகை வார்த்து, இழுவை, வளைவு, மோதல் என மூன்று சோதனை செய்து அறிக்கை கொடுப்பது வழக்கம். ஃபட்டீக் பக்கம் பெரும்பாலும் வெற்றிடம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிஷினை நாள்கணக்கில் வாடகைக்கு எடுக்க யாரிடம் காசு இருக்கிறது?

செலவு ஏற இன்னொரு காரணம், செடியின் குணம். ஆலையில் வரும் கண்ணாடி இழை பெட்டிக்குப் பெட்டி ஏறக்குறைய ஒரே தரம். செடி நார் அப்படியில்லை. மண், மழை, அறுத்த நேரம், ஊறவைத்த விதம் எல்லாம் பேசும். நாரை உரிக்கும்போதே அதில் விழும் மடிப்புகள் பின்னாளில் உடைப்பு தொடங்கும் இடங்களாகின்றன. ஒரே மாதிரி இரண்டு பட்டைகளில் ஒன்று ஒரு லட்சம் சுற்றிலும் மற்றது மூன்று லட்சத்திலும் உடைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நம்பகமான கோடு வரைய நிறையப் பட்டைகள் வேண்டும், நிறைய நாட்கள் வேண்டும்.

‘கண்ணாடி இழைக்கு மாற்று கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போது, அது இழுவைச் சோதனையோடு நின்றதா என்று பார்ப்பது நல்லது. நின்றிருந்தால், அது தவறான ஆய்வு இல்லை. தொடங்கியிருக்கும் ஆய்வு.

சரி, பசுமைன்னு சொல்றது உண்மையா?

பாதி உண்மை. நார் செடியிலிருந்து வந்தாலும் ரெசின் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான். ஆயுள் முடிந்த கண்ணாடி காம்போசிட்டைப் பிரித்தெடுப்பதே பெரிய தலைவலி. அதில் சணலும் கலந்திருந்தால் கண்ணாடியை எரித்து மீட்டால் சணல் போய்விடும், சணலை மக்கவிடலாம் என்றால் ரெசின் விடாது. ஆக, லாபம் தயாரிப்பு ஆற்றலிலும் வண்டியின் எடையிலும்தான். பொருள் பாதி வயதில் உடைந்து, இன்னொன்று செய்ய வேண்டி வந்தால் அந்த லாபமும் போச்சு. சூழலியல் கணக்கில் ஃபட்டீக் முக்கியமாவது இதனால்தான்.

இப்போதைக்கு எங்கே நம்பலாம்? கதவின் உட்பலகை, டிக்கித் தட்டு, இருக்கையின் பின்பக்கம், ஸ்பீக்கர் பெட்டி போன்ற இடங்களில் தயக்கம் வேண்டாம். பாரம் குறைவு, உடைந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. சஸ்பென்ஷன், பிரேக் பெடல், ஹேண்டில்பார் என்றால் பதில் வேறு. அங்கே கணிசமான கண்ணாடி அல்லது கார்பன், ஈரம் புகாத மேலடுக்கு, அந்தக் குறிப்பிட்ட பாகத்துக்கே செய்த ஃபட்டீக் சோதனை மூன்றும் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நிற்கிறது சிறு காற்றாலை. நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 11 கிலோவாட் காற்றாலைக்கு ஏற்ற 3.5 மீட்டர் இறக்கையைக் கண்ணாடி இழையில் ஒன்று, ஆளி நாரில் ஒன்று என்று செய்து வளைத்துப் பார்த்தார்கள். ஆளி இறக்கை 10 சதவீதம் எடை குறைவு. சாதாரணக் காற்றையும் மோசமான காற்றையும் கணக்கில் வைத்துக் கொடுத்த பாரத்தைத் தாங்கியது. ஆனால் கண்ணாடி இறக்கையைவிட அதிகமாக வளைந்தது, நாரின் விலையும் கூடுதல். அந்தக் கூடுதல் வளைவைக் குறைக்கத் தேவையான இடங்களில் மட்டும் கண்ணாடியையோ கார்பனையோ சேர்ப்பது ஒரு வழி. அப்படிச் சேர்த்தால் மறுபடி முதல் சுற்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.